முதல் வரியில் எந்தக் கல்லூரி?

மே 8, 2025, வியாழன்

காலை 9 மணிக்குப் பிளஸ் டூ முடிவு வந்துவிட்டது. கணிதம் 91, இயற்பியல் 88, வேதியியல் 86. தமிழில்தான் அதிகம், 96. பொறியியல் கட்-ஆஃபில் அதற்கு மதிப்பில்லை. கணிதத்தை முழுதாக எடுத்து, மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால் 200-க்கு 178. அம்மா மூன்று முறை கூட்டிப் பார்த்தாள், ஏதோ நான் இரண்டு மார்க்கை ஒளித்து வைத்ததுபோல.

அப்பா மதியம் அச்சகத்திலிருந்து சாப்பிட வந்தார். மண்ணெண்ணெயில் துடைத்த பிறகும் நகக்கண்ணில் நீல மை அப்படியே இருந்தது. "கம்ப்யூட்டர் கிடைக்குமா தாயி?" என்றார். கிடைக்கும், ஆனால் எந்தக் கல்லூரியில் என்பதுதான் கேள்வி என்றேன். "எதிலாவது" என்று சொல்லிவிட்டுச் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

மே 19, திங்கள்

கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தாகிவிட்டது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்ததால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் எனக்கும் இடம் உண்டு. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டிவிடும். இது தெரிந்த நாளிலிருந்து வீட்டில் பணப் பேச்சு நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக யோசனைப் பேச்சு ஆரம்பித்திருக்கிறது. பணம் இல்லாதபோது யாரும் யோசனை சொல்லவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

பெரியப்பா வந்து இரண்டு மணி நேரம் பேசினார். சாரம் இவ்வளவுதான்: பக்கத்திலேயே தனியார் கல்லூரி இருக்கிறது, வாசலுக்கே பஸ் வரும், கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு, வீட்டுச் சாப்பாடு சாப்பிடு.

நேற்று அந்தக் கல்லூரியைப் போய்ப் பார்த்தோம். வரவேற்பறையில் குளிர்சாதனம், ஆளுக்கொரு ஜூஸ். சுற்றிக் காட்ட வந்தவர் கட்டடம் கட்டடமாகக் கூட்டிப்போனார். நூலகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். சாவி வைத்திருப்பவர் வெளியே போயிருக்கிறார் என்றார். அப்பா ஜூஸ் நன்றாக இருந்தது என்றார். எனக்கு அந்தச் சாவி மட்டும்தான் ஞாபகத்தில் இருக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

தரவரிசைப் பட்டியல் வந்தது. பள்ளிக்குப் போய் இயற்பியல் டீச்சரைப் பார்த்தேன். என் விருப்பப் பட்டியலை வாங்கிப் பார்த்தவர், "கிண்டி பொறியியல் கல்லூரி எங்கே?" என்றார். அங்கே கம்ப்யூட்டருக்கு என் மார்க் போதாது என்றேன். "கிண்டியில் கம்ப்யூட்டர் மட்டுமா இருக்கிறது? பிரிண்டிங் அண்ட் பேக்கேஜிங் இருக்கிறதே. சிவகாசிப் பிள்ளை அதைப் பார்க்காமல் தாண்டுகிறாயே" என்றார்.

உண்மையில் நான் அதைப் பார்த்திருந்தேன். பார்த்துவிட்டுத்தான் தாண்டினேன். பிறந்ததிலிருந்து அச்சு மை வாசனையிலேயே வளர்ந்தவளுக்கு, அதைப் படிக்க ரயிலேறிச் சென்னைக்குப் போவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுபோலத்தான் தோன்றியது.

கிண்டி 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியதாம். கலந்தாய்வில் அதன் எண் 1. சென்ற ஆண்டுப் பட்டியலைப் பார்த்தேன். அச்சுத் துறையின் கட்-ஆஃப், கம்ப்யூட்டர் துறைக்கு நன்றாகக் கீழே இருக்கிறது. எனக்கு எட்டும்போல.

வீட்டில் சொன்னேன். அப்பா பதில் சொல்லவில்லை. அம்மாதான் பிறகு சமையலறையில் வந்து சொன்னாள்: "இருபத்தாறு வருஷமாக அந்த மெஷின் பக்கத்தில் நிற்கிறார். நீயும் அங்கேயே போய் நிற்கவா படிக்க வைத்தார்?"

ஜூலை 5, சனி

அப்பாவுக்கு இரவு வேலை. சாப்பாடு கொண்டு போனேன். ஆடி பதினெட்டுக்கு அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பங்கள் வெளியாக வேண்டும், அதனால் எல்லா அச்சகங்களிலும் இப்போது இரவு பகல் கிடையாது.

ஆஃப்செட் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முருகன் படம். அப்பா ஒரு தாளை உருவி, விளக்கு மேசையில் விரித்து, சின்ன லென்ஸை வைத்துக் குனிந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "உதட்டைப் பார்" என்றார்.

பார்த்தேன். சிவப்பு உதடு என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. மஜந்தா புள்ளிகள், மஞ்சள் புள்ளிகள், ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு. லென்ஸை எடுத்தால் முருகன் சிரிக்கிறார், வைத்தால் பொடிப் பொடியாகிவிடுகிறார்.

"ஓரத்தில் இரண்டு கோடு தெரிகிறதா? ரிஜிஸ்டர் விலகியிருக்கிறது, கலர்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. முடியளவு." மாலையில் தூறல் போட்டதால் தாள் ஈரத்தை இழுத்துக் கொஞ்சம் விரிந்துவிட்டதாம். இந்த ஊர் வறண்ட ஊர் என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே நிலைத்தன, தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சும் கூடவே வளர்ந்தது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே எதையோ திருகினார். அடுத்த தாளில் இரண்டு கோடும் ஒன்றாகிவிட்டன. வீட்டில் ஒரு வாரத்துக்குப் பேசுகிற பேச்சை அந்தப் பத்து நிமிடத்தில் பேசியிருப்பார்.

"எவ்வளவு விரியும் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியாதா அப்பா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் படித்தவர்களுக்குத் தெரியும். எனக்குக் கை சொல்லும்" என்றார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து, ஊறுகாய் வைக்கவில்லையா என்று கேட்டார்.

ஜூலை 16, புதன்

மாலை 5 மணியோடு விருப்பப் பதிவு மூடிவிடும். வரிசைதான் எல்லாம். மேலே இருப்பது கிடைத்துவிட்டால் கீழே இருப்பதைப் பற்றிக் கணினி யோசிப்பதே இல்லை. காலை வரை முதல் வரியில் பெரியப்பாவின் கல்லூரிதான் இருந்தது. மதியம் இரண்டு மணிக்குக் கிண்டியை மேலே ஏற்றினேன். மூன்றரைக்குப் பயந்து இறக்கினேன். நான்கு மணிக்கு அச்சகத்துக்குப் போன் செய்து, "அப்பா, அச்சையே முதலில் போடட்டுமா?" என்று கேட்டேன்.

மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில், "உன் பேரில்தானே விண்ணப்பம்? பிறகு என்னை ஏன் கேட்கிறாய்?" என்றார். அது கோபமா சம்மதமா என்று இப்போதும் தெரியவில்லை. நாலரைக்குக் கிண்டியை மறுபடி மேலே ஏற்றிவிட்டுக் கணினியை விட்டு எழுந்தேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் தேதி. நல்லது கெட்டது எதுவும் இன்று பார்க்கக் கூடாது என்று அப்பத்தா கைபேசியைப் பிடுங்கி அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டாள். சீரக வாசனையோடு பதினொரு மணிக்குத் திரும்பக் கிடைத்தது.

முதல் வரியே கிடைத்திருக்கிறது. உறுதி செய்துவிட்டேன். பெரியப்பா, "பொட்டப்பிள்ளைக்கு மெஷின் வேலையா?" என்று ஒரே வாக்கியத்தோடு போனை வைத்துவிட்டார். அவ்வளவு சுருக்கமாக அவர் பேசிக் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடி பதினெட்டு. அச்சகத்தில் பூஜை முடித்துவிட்டு அப்பா புது ஆல்பம் ஒன்றைக் கொண்டு வந்தார். நான் அந்த முருகனைத் தேடி எடுத்து உதட்டைப் பார்த்தேன். லென்ஸ் இல்லாமல் ஒன்றும் தெரியவில்லை.

பொதிகை எக்ஸ்பிரஸில் இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறார். அவருக்கும் சேர்த்துத்தான். டிக்கெட்டை என்னிடம் கொடுத்துவிட்டுத் துண்டை உதறிக்கொண்டே கேட்டார்: "அங்கே பிள்ளைகள் படிக்க என்ன மெஷின் வைத்திருக்கிறார்கள்? இரண்டு கலரா, நான்கு கலரா?"

தெரியவில்லை என்றேன்.

"போய்ப் பார்ப்போம்" என்றார்.