மூன்றாவது நிரல்

கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு செப்டெம்பரிலும் எங்கள் கந்தோரில் ஒரே சண்டைதான். இங்கிலாந்து பிரீமியர் லீக் அணிகள் கோடையில் வாங்கிய வீரர்களை வைத்து, எந்த அணி நன்றாக வாங்கியது, எது ஏமாந்தது என்று வெளிநாட்டு ஊடகங்கள் வரிசைப்படுத்திப் பட்டியல் போடும், அதை நான் தமிழாக்குவேன், பக்கம் அச்சுக்குப் போவதற்குள் கந்தோர் இரண்டுபட்டுவிடும். வழக்கமாக ஒரு கிழமையில் அடங்கிவிடும். 2025இல் டிசம்பர் வந்தும் அடங்கவில்லை.

எங்கள் பக்கத்தை வடிவமைக்கும் நானா, அதாவது அண்ணன், வாழைத்தோட்டத்துக்காரர், சின்ன வயதிலிருந்தே லிவர்பூல். விளம்பரப் பகுதித் தம்பி கொட்டாஞ்சேனை, ஆர்சனலுக்காகத் தூக்கத்தை விடக்கூடியவன். நான் எந்த அணிக்கும் இல்லை என்று சொன்னால் இரண்டு பேரும் நம்பமாட்டார்கள், ஆனால் உண்மை அதுதான், எனக்கு ஆட்டம் பிடிக்கும், அவ்வளவுதான்.

செப்டெம்பர் 1, வீரர்களை வாங்கக் கடைசி நாள். லண்டன் நேரம் மாலை 7 மணி என்றால் நமக்கு இரவு 11.30. நகரப் பதிப்பை மட்டும் நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தோம். நானா பக்கத்தின் மேல்பாதியில் இரண்டு படங்களுக்கு இடம் விட்டிருந்தார். இரண்டு பேரும் லிவர்பூலுக்கு வருவதாகப் பேச்சு. ஒன்று நியூகாசிலிலிருந்து வரும் இசாக், 125 மில்லியன் பவுண், பிரிட்டனில் அதுவரை யாருக்கும் கொடுக்காத விலை. மற்றது கிரிஸ்டல் பேலஸ் அணித்தலைவர் மார்க் கெஹி, 35 மில்லியன், மருத்துவப் பரிசோதனைவரை போயாயிற்று என்று செய்தி. நள்ளிரவு தாண்டியதும் இசாக் உறுதி என்றார்கள். கெஹி வரவில்லை. பேலஸ் தனக்கு மாற்றுத் தடுப்பாளர் கிடைக்காமல் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டது. நானா ஒன்றும் பேசாமல் கெஹியின் படத்தை அழித்தார், அப்புறம் இசாக்கின் படத்தை ஒரு மூலையில் பிடித்து இழுத்து, அந்த வெற்றிடம் மறையும்வரை பெரிதாக்கினார். திரையில் அந்த முகம் அகலமாகிக்கொண்டே போனதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பட்டியல் வந்தது. லிவர்பூலுக்கு முதலிடம். விர்ட்ஸ், எகிட்டிகே, கெர்கெஸ், ஃபிரிம்பொங், இசாக் என்று 400 மில்லியன் பவுணுக்கு மேல் செலவழித்த அணிக்கு வேறு எந்த இடத்தைக் கொடுப்பது? நானா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் அட்டவணையை இரண்டு தரம் பார்த்துவிட்டு, “தம்பி, வந்தவங்களுக்கு மட்டும் மார்க்ஸ் போட்டிருக்கு. போனவங்கட கணக்கு எங்க? வராதவன்ட கணக்கு எங்க?” என்றார்.

ஆர்சனல் தம்பிக்கு வேறு கோபம். “அண்ணே, 2021இலயும் இப்பிடித்தான் எழுதினாங்க” என்று தொடங்கினான். அந்த வருடம் மன்செஸ்டர் யுனைட்டட் ரொனால்டோ, வரான், சாஞ்சோ மூவரையும் எடுத்தது, எல்லோரும் கொண்டாடினார்கள், ஆறாமிடத்தில் முடித்தது. ஆர்சனல் எடுத்த ராம்ஸ்டேல் அடுத்தடுத்து இரண்டு அணிகளோடு கீழ்ப்பிரிவுக்கு இறங்கியவர், ஒடெகார்ட் ரியல் மட்ரிட்டில் இடம் கிடைக்காதவர் என்று கேலி செய்தார்கள். முதல் மூன்று ஆட்டமும் தோற்று அணி கடைசியில் கிடந்தபோது கேலி இன்னும் கூடியது. அடுத்த பருவம் அதே இரண்டு பேரும் அணியில் இருக்க ஆர்சனல் இரண்டாமிடம்.

இருந்தாலும் பட்டியலே வேண்டாம் என்று தம்பி சொல்லமாட்டான். “எல்லாம் முடிஞ்ச பிறகு யாரும் சொல்லலாம் அண்ணே, சந்தை மூடின அண்டைக்கே துணிஞ்சு சொல்றதுலதான் கெட்டித்தனம்” என்பான். இதில் அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. வாசகர்களும் அந்தப் பக்கத்தைத்தான் வெட்டி வைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் நானா கேட்டது எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. 2024 கோடையில் லிவர்பூல் உடனடியாக எடுத்த ஒரே ஆள் கியேசா. அவரும் அதிகம் ஆடவில்லை. புதிய பயிற்றுநர் ஸ்லொட், பழைய வீரர்கள். அதே அணிதான் 2025 ஏப்ரல் 27இல் டொட்டன்ஹாமை 5-1 என்று வென்று, இன்னும் நான்கு ஆட்டங்கள் மீதமிருக்கக் கிண்ணத்தை உறுதி செய்தது. முக்கிய வீரர்களைப் பெரும்பாலும் இழக்காமல் இருந்ததற்கு எந்தப் பட்டியல் மார்க்ஸ் போடும்? பிறகு ட்ரெண்ட் அலெக்சாண்டர்-ஆர்னல்ட் ரியல் மட்ரிட்டுக்குப் போனார், லூயிஸ் டியாஸ் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்குக்குப் போனார். ஜூலை 3ஆம் திகதி ஸ்பெயினில் நடந்த கார் விபத்தில் லிவர்பூல் வீரர் டியோகோ ஜோட்டா தன் சொந்தத் தம்பியோடு இறந்தார், வயது 28. அந்தப் பக்கத்தையும் நானும் நானாவும்தான் செய்தோம். அன்று அவர் எழுத்துருவைக்கூட என்னிடம் கேட்டுக் கேட்டுத்தான் போட்டார். ஜோட்டாவோடு ஒன்றாக உடை மாற்றி, ஒன்றாகச் சாப்பிட்ட மனிதர்கள் ஆறு கிழமையில் மைதானத்துக்கு வந்து லீக் ஆட்டம் ஆட வேண்டியிருந்தது. விலைப்பட்டியலை மட்டும் வைத்து அந்த அணிக்கு முதலிடம் போட்டதில் என் கையும் இருக்கிறது.

இதே வருடம் எங்கள் கந்தோரிலும் ஒன்று நடந்தது. புரூஃப் பார்க்கும் அக்கா இருபத்தெட்டு வருடச் சேவைக்குப் பிறகு ஓய்வு பெற்றார். வரிக்குக் கீழே மர அடிமட்டத்தை வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கி இறக்கி வாசிப்பார். அடிமட்டத்தின் விளிம்பு சிவப்பு மையில் ஊறிப்போயிருக்கும். அவர் போன மாதத்தில் இரண்டு புது ஆட்களை எடுத்தார்கள், அறிவித்தல் பலகையில் பெயர்கள் பெரிதாக ஒட்டப்பட்டன. இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள், அதில் குறையில்லை, ஆனால் இருவரும் இணையப் பகுதிக்கு. அக்காவின் கதிரையில் யாரும் உட்காரவில்லை. ஒக்டோபரில் ஒரு பந்துக்காப்பாளரின் படத்துக்குக் கீழே இன்னொருவர் பெயர் அச்சாகி, காலையிலிருந்து மத்தியானம்வரை தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. படவரி நான் எழுதியது, பிழை என்னுடையது. அக்கா இருந்திருந்தால் பிடித்திருப்பார் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் இருந்த காலத்தில் யாரும் அதைச் சொன்னதில்லை.

நவம்பர் 22, சனிக்கிழமை இரவு. லிவர்பூலின் சொந்த மைதானமான அன்ஃபீல்டில் நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட் 3-0. லிவர்பூலுக்கு ஏழு லீக் ஆட்டங்களில் ஆறாவது தோல்வி. கெஹி வராத இடத்தில் கை கொடுக்கலாம் என்று எண்ணியிருந்த பதினெட்டு வயது லியோனி, செப்டெம்பரில் தன் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் கிழிந்து பருவத்தையே இழந்துவிட்டான். அடுத்த நாள் டொட்டன்ஹாமுக்கு எதிராக ஆர்சனலின் எஸே மூன்று கோல், 4-1. டொட்டன்ஹாமின் கைக்கு எட்டிவிட்டார் என்றிருந்த எஸேயைத்தான் ஓகஸ்டில் ஆர்சனல் தட்டிக்கொண்டு போயிருந்தது. திங்கட்கிழமை தம்பி ஆர்ப்பாட்டத்தோடு வருவான் என்று பயந்தேன். அவன் மூன்று பிளேன்டீ வாங்கிவந்து, முதலாவதை நானாவின் மேசையில் வைத்தான்.

பிளேன்டீ குடித்தபடி நான் ஜனவரிச் சந்தைக்கான அட்டவணையைப் பற்றிக் கதை எடுத்தேன். வந்தவர், போனவர், வராதவர் என்று மூன்று நிரல் போடுவோம் என்றேன். ஆசிரியர் இடம் போதாது என்றார். எழுத்தைச் சிறிதாக்கிக் காட்டினோம், அப்போதும் யோசித்தார், கடைசியில் ஒரு விளம்பரத்தைக் கீழே தள்ளிக்கொள்ளத் தம்பி சம்மதித்ததும் சரி என்றார். நானா அன்றே மாதிரிப் பக்கத்தை வரைந்தார். முதல் இரண்டு நிரலும் காலியாகவே இருந்தன. மூன்றாவதில், கோடுகள் சரியாக விழுகின்றனவா என்று பார்ப்பதற்காக, கெஹி என்று தட்டினார்.