பழைய ட்ரம்மின் குரோமெட்: சுத்தியலைத் தூர வையுங்கள்

சித்தப்பாவின் லுட்விக் கம்பனி ட்ரம் செட் இப்போது கொழும்பு வெள்ளவத்தையில் என் அறையில் இருக்கிறது. அறுபதுகளில் செய்தது, அவர் ஹோட்டல் ஹோட்டலாகப் பைலா வாசித்துத் திரிந்த காலத்தில் இன்னொருவரிடமிருந்து வாங்கியது. கடலுக்குக் கிட்ட இருக்கிற வீடு என்பதால் பித்தளைச் சாமான் எதுவும் இங்கே நெடுநாள் தாங்காது. போன மாதம் சின்ன டொம் ட்ரம்மைத் துடைக்கும்போது பார்த்தேன், கம்பனிப் பெயர்த்தகடான பேட்ஜைப் பிடித்திருக்கும் குரோமெட் பச்சைக் களிம்பேறி, உள்விளிம்பு வெடித்து, தட்டுகிற ஒவ்வொரு தட்டுக்கும் கிணுகிணுவென்று ஆடிக்கொண்டிருந்தது.

ட்ரம்மின் பக்கத்தில் காற்றுப் போக ஒரு துளை இருக்கும். அதற்குள் நுழைந்து, உட்பக்கம் விரிந்து மடிந்திருக்கும் குட்டைக் குழாய்தான் குரோமெட். லுட்விக்கின் கீஸ்டோன் பேட்ஜை மரத்தோடு சேர்த்து வைத்திருப்பதும் அது ஒன்றுதான். அந்த பேட்ஜில்தான் தொடர் இலக்கமும் அடித்திருக்கும். ஆகவே தகடு வளைந்தால் போச்சு, திரும்ப வராது. குரோமெட் போனால் இன்னொன்று வாங்கலாம். எந்தக் கருவி என்று யோசிக்கும்போது எனக்கு இந்தக் கணக்கு ஒன்றே போதுமாக இருந்தது.

முதலில் புறக்கோட்டையில் தறப்பாளுக்கு வளையம் அடிக்கிற செட் ஒன்று வாங்கிவந்து, பெயரில்லாத ஒரு பழைய ஸ்னெயர் ட்ரம்மில் சோதித்தேன். நல்லகாலம் லுட்விக்கில் கை வைக்கவில்லை. மூன்றாவது அடியிலேயே பித்தளை பூவிதழ் மாதிரி நாலாகக் கிழிந்துவிட்டது. துணிக்குச் செய்த வளையத்தின் கழுத்து மிகக் குட்டை, மரத்தைத் தாண்டி மடிவதற்கு மிச்சமே இருக்காது. அதோடு அந்த அச்சுக்குச் சமதளம் வேண்டும், ட்ரம்மோ வளைவு, ஒவ்வொரு அடியும் கொஞ்சம் சரிந்துதான் விழும். பித்தளை அடிபட அடிபட இறுகி வெடிக்கிற உலோகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கழற்றும்போது வெளியிலிருந்து நெம்பவே கூடாது. மடிந்த விளிம்பை உள்ளே இருந்துதான் வெட்ட வேண்டும். பவர் ட்ரில் கெதியாக முடிக்கும் என்று நினைப்பீர்கள், ஆனால் ட்ரில்லோடு சேர்ந்து குரோமெட்டும் சுற்றும், அதோடு பேட்ஜும் சுற்றி, மரத்தின் மேல் ஒட்டியிருக்கும் மேலுறையை வட்டமாகக் கீறிவிடும். நான் வட்ட அரம் ஒன்றை வைத்துக் கையாலேயே ராவினேன். முக்கால் மணி நேரம் போனது. விளிம்பு மெலிந்து உதிர்ந்ததும் ஒரு மரக்குச்சியால் தள்ள, முழுசாக வெளியே வந்தது.

புதியதை வாங்குமுன் வேர்னியரால் அளந்துகொள்ளுங்கள்: மரம், மேலுறை, பேட்ஜ் மூன்றின் தடிப்பையும் கூட்டி, மடிப்பதற்கு இன்னும் 3 மில்லிமீட்டர். என்னுடைய ட்ரம்முக்குக் கழுத்து கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர் வேண்டியிருந்தது.

அடிக்காமல் இறுக்குகிற கருவி ஒன்றுதான் எனக்குச் சரியாகப் பட்டது. ஆமர் வீதிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். நடுவில் 6 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று. வெளிப்பக்கம் குரோமெட்டின் தலை மட்டும் உட்காரும்படி குழித்த ஒரு சின்ன நைலோன் கட்டை. அது பேட்ஜிலோ மேலுறையிலோ முட்டவே கூடாது. உட்பக்கத்துக்கு இரண்டு இரும்புத் துண்டுகள்: கழுத்தை விரிக்க ஒரு கூம்பு, பிறகு அதை மடித்து அமத்த, தோள் வளைந்த ஒன்று. வரைந்து கொண்டுபோன தாளைப் பார்த்துவிட்டு லேத் பாஸ், "தம்பி, கூம்பு இவ்வளவு சரிவாக இருந்தால் பித்தளை கிழியும், கொஞ்சம் நீட்டித் தாறன்" என்றார். அவர் சொன்னதுதான் சரி.

பூசப்படாத பித்தளை என்றால், போடுமுன் அதைத் தனியாகச் சூடாக்கி இளக்கிக்கொள்வது நல்லது. குசினி லைட்டை அணைத்துவிட்டு, குறட்டால் பிடித்து, மங்கலான சிவப்பு தெரியும்வரை நெருப்பில் காட்டி ஆறவிட்டேன். ட்ரம் அப்போது வேறு அறையில் இருந்தது. அந்தக் காலத்து முத்து மேலுறை செலுலோயிட், நெருப்பைக் கண்டால் பற்றிக்கொள்ளும்.

பிறகு கூம்பில் ஒரு பொட்டு கிரீஸ் பூசி, நட்டைக் கால் சுற்று இறுக்குவது, கழற்றி டோர்ச் அடித்துப் பார்ப்பது, திரும்ப இறுக்குவது. இரண்டாவது துண்டை மாற்றி இறுக்கும்போது விளிம்பு மெல்லச் சுருண்டு மரத்தில் படிந்தது, ஒரு கீறல்கூட இல்லை. சித்தப்பா பெருவிரலை உள்ளே விட்டு அந்த விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டு, ஃப்ளோர் டொம்மையும் எடுத்துவரச் சொன்னார். அதன் குரோமெட்டும் களிம்பேறித்தான் இருக்கிறது, ஆனால் ஆடவில்லை, வெடிக்கவுமில்லை. அதை அப்படியே விட்டுவிட்டோம்.