பத்து மணி வயிற்றுவலி

வருகைப்பதிவை செல்போனில் ஏற்றிக்கொண்டிருப்பேன். பத்து மணி வாக்கில் மூன்றாம் வகுப்புப் பாப்பா மேசை ஓரமாக வந்து நிற்பாள். "டீச்சர், வயிறு வலிக்குது."

கோத்தகிரி பஸ்ஸில் இறங்கித் தேயிலைக்குள் இருபது நிமிடம் நடந்தால் எங்கள் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து நானும் தலைமையாசிரியையும்தான்.

பசி என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் 2023 ஆகஸ்டிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு உண்டு. உப்புமாவோ கிச்சடியோ, தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் வருகிறாள். பூச்சியோ? குடற்புழு மாத்திரையை என் கண் முன்னால்தான் மென்று விழுங்கினாள். ஓம வாட்டர் வாங்கி வைத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பாள். வலி போகாது.

பத்து மணி என்றால் கணக்கு. ஏழாம் வாய்ப்பாடு. சரிதான், கள்ள வலி என்று முடிவு கட்டினேன். ஒருநாள் எல்லார் முன்னாலும், "வாய்ப்பாடு கேட்டா மட்டும் வலிக்குமா? நாடகம் போடாம போய் உட்காரு" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் அழவில்லை. அதற்குப் பிறகு மேசைக்கு வருவதையே விட்டுவிட்டாள். வலி தீர்ந்தது என்று இரண்டு வாரம் நானும் நிம்மதியாக இருந்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பிரம்பைத் தொட்டதில்லை என்று பெருமை பேசுகிறவள் நான். கல்வி உரிமைச் சட்டம் 2009, 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடுக்கிறது. பயிற்சிக் கூட்டத்தில் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

பக்கத்தில் உட்காரும் பையன்தான் சொன்னான்: "டீச்சர், இவ தினமும் வயித்தைப் புடிச்சிக்கிட்டே இருக்கா."

அவள் அம்மாவோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். டாக்டரம்மா அமுக்கிப் பார்த்துவிட்டு, "வியாதி எதுவும் இல்லை. அதுக்காகப் பொய்னு நினைச்சிடாதீங்க. பயத்துலயும் பிள்ளைங்களுக்கு நிஜமாவே வலிக்கும். என்னைக்கெல்லாம் வலிக்குதுன்னு குறிச்சு வைங்க" என்றார். வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று நாமே சொல்கிறோம். ஒரு குழந்தை அதையே சொன்னால் ஓம வாட்டர் கொடுக்கிறோம்.

காலண்டரில் புள்ளி வைத்தேன். அப்போது ஐப்பசி. எங்கள் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. கணக்குப் பாடம் இல்லாத நாளிலும் புள்ளி விழுந்தது. ஒரு மத்தியானம் அவள் இடத்தில் உட்கார்ந்து நோட்டுத் திருத்தினேன். ஜன்னலுக்கு நேர் எதிரே தேயிலைச் சரிவு. கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் கட்டியிருக்கிற மஞ்சள் பிளாஸ்டிக் தாள் அங்கிருந்தே தெரிந்தது. நாலு நோட்டு முடிவதற்குள் பள்ளத்திலிருந்து மேகம் ஏறிவந்து சரிவையே மூடிவிட்டது. காலண்டரை எடுத்துப் பார்த்தேன். புள்ளி விழுந்ததெல்லாம் மேக நாள்.

"அம்மா அங்கயா கண்ணு வேலை செய்றாங்க?"

"மேகம் வந்தா தெரியமாட்டாங்க டீச்சர். காட்டெருமை வந்தா அம்மாவுக்கும் தெரியாதுல்ல."

கோடை விடுமுறையில் பக்கத்து லைன் பெரியம்மாவைத் தேயிலைக்குள் காட்டெருமை முட்டியிருக்கிறது. பெரியவர்கள் ராத்திரி பேசியதைப் போர்வைக்குள் படுத்தபடி கேட்டிருக்கிறாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே டீச்சர்" என்று அவள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எண்ணெய்க்காகக் கரடி எங்கள் சத்துணவுக் கூடத்துக் கதவை உடைத்த கதையைப் பிள்ளைகள் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். மிருகமெல்லாம் இவர்களுக்குப் பழகிப்போச்சு என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிச் சுவரில் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. மனநலத்துக்கு 14416 இருக்கிறது, 2022இல் வந்தது. இரண்டும் வேண்டியவைதான். ஆனால் மேகம் வந்தால் பயமாக இருக்கிறது என்று எட்டு வயதுப் பிள்ளை எங்கே போன் போடப் போகிறது?

பயப்படாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காட்டெருமை நிஜம்தானே. எல்லார் முன்னாலும் சொன்ன வார்த்தையை எல்லார் முன்னாலும் திரும்ப எடுத்துக்கொண்டேன். "நாடகம்னு சொன்னது டீச்சர் தப்பு" என்றேன். வகுப்பு கப்சிப். அப்புறம் தோட்டத்து மேஸ்திரியைப் பார்த்தேன். பதினொரு மணி வாக்கில் கொழுந்து எடை போடப் பள்ளிக்குக் கீழே இருக்கிற ரோட்டுக்குத்தான் வருகிறார்கள். இடைவேளை மணி அடிக்கிற வேலையை அவளுக்குக் கொடுத்தேன். எங்கள் மணி ஒரு தண்டவாளத் துண்டு. மேகத்துக்குள்ளும் நன்றாகவே கேட்கும். இவள் அடிப்பாள், கீழேயிருந்து அவள் அம்மா "கூ" என்பார்.

இப்போதும் சில நாள் வலிக்கிறது. வந்து சொல்கிறாள்.

போன வியாழக்கிழமை கண்ணுக்கு எதுவும் தெரியாத மேகம். மணி அடித்தாள். பதில் இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னொரு தடவை அடி" என்றேன். அடித்தாள். எடை போட அன்றைக்குத் தாமதமாம். மூன்றாவது தடவைக்குத்தான் "கூ" வந்தது. அதற்குள் இன்னும் நீளமான இடைவேளை என்று நினைத்து நாலாம் வகுப்புப் பையன்கள் மைதானத்துக்கு ஓடிவிட்டார்கள்.