ஓம், இல்லை, பாப்பம்

காலையில் அலுவலகம் வந்து அவுட்லுக்கைத் திறந்தால் 43 புது மெயில். ஒரு கணம் நெஞ்சு திக்கென்றது. பிறகு பார்த்தால் அதில் 36, முதல் நாள் பின்னேரம் நான் அனுப்பிய ஒரேயொரு கூட்ட அழைப்புக்கு வந்த பதில்கள். 'அக்செப்டட்', 'அக்செப்டட்', 'அக்செப்டட்' என்று மேலிருந்து கீழே வரிசை. திறந்தால் உள்ளே ஒரு சொல்லும் இல்லை. மாவட்டச் செயலகமான கச்சேரியில் இருந்து வந்த உண்மையான அவசரக் கடிதம் இவற்றுக்கு நடுவில் எங்கேயோ கிடந்தது, அதைக் கண்டபோது பத்தரை மணி.

2011 இல் இருந்து கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. என் பதவிக்குக் கடிதத்தில் பெரிய பெயர் இருக்கிறது, செய்வது ஆட்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவதும் எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணுவதும்தான். பூநகரியில் இருந்தும் கண்டாவளையில் இருந்தும் வருபவர்கள், ஒட்டுசுட்டான், துணுக்காய் பக்கமிருந்து மாங்குளம் வந்து பஸ் மாறுபவர்கள், கொழும்புத் தலைமை அலுவலகத்தில் இருந்து இரவு ரயிலில் கண் சிவக்க வந்திறங்குபவர்கள். இவ்வளவு பேரையும் ஒரு மேசையைச் சுற்றி இருத்துவதற்கு முன் எனக்குத் தெரிய வேண்டியது ஒரு எண். அந்த எண்ணை வைத்துத்தான் கதிரை, அச்சடித்த தாள், எல்லாவற்றுக்கும் மேலாக மதியச் சாப்பாட்டுப் பார்சல். பார்சல் குறைந்தால் அந்தக் கதை வருடக்கணக்கில் என்னைத் துரத்தும், கூடினால் கணக்குப் பிரிவு துரத்தும்.

அழைப்பில் இருக்கும் மூன்று பொத்தான்களுக்கு நாங்கள் அலுவலகத்தில் வைத்த பெயர் ஓம், இல்லை, பாப்பம். அவுட்லுக் செய்தவர்கள் பாப்பத்தை 'டென்டேட்டிவ்' என்கிறார்கள், வரலாம் வராமலும் விடலாம் என்ற அர்த்தத்தில். எங்கள் ஊரில் 'பாப்பம்' என்றால் பெரும்பாலும் வரமாட்டார் என்பதுதான், முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லக் கூச்சம், அவ்வளவுதான். கலியாணத்துக்குச் சொல்ல வந்தவரிடம் யாராவது 'இல்லை, வரமாட்டன்' என்று சொன்னதைக் கேட்டிருக்கிறீர்களா? 'ஓம், வாறம்' என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, அன்றைக்கு வீட்டில் இருந்து யாராவது ஒருவர் போய்த் தலையைக் காட்டுவார். அந்தப் பழக்கம் மெயிலிலும் தொடர்கிறது. 'டிக்ளைன்' அழுத்துவது மரியாதைக் குறைவு என்று நினைத்து 'அக்செப்ட்' அழுத்திவிட்டு வராமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்று நான் விரல் மடித்து எண்ணத் தொடங்கினால் கால்விரலும் தேவைப்படும்.

சரி, இந்தப் பதில் மெயில் ஏன் வருகிறது? இதை விளங்கிக்கொள்ள எனக்கே சில வருடம் பிடித்தது. அந்த மெயில் எங்களுக்காக எழுதப்பட்டதே அல்ல. 'ஐகலண்டர்' என்று ஒரு பொது ஒழுங்கு, 1998 இல் வெளிவந்து 2009 இல் திருத்தப்பட்டது. கூட்டத்துக்கு அழைப்பவரின் நாட்காட்டியும் அழைக்கப்பட்டவரின் நாட்காட்டியும் எந்த நிறுவனத்தின் மென்பொருளாக இருந்தாலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள அது வழிசெய்கிறது. நீங்கள் பொத்தானை அழுத்தினால் உங்கள் கணினி என் கணினிக்கு 'இவர் ஓம்' என்று ஒரு துண்டுச் சீட்டு அனுப்புகிறது, என் நாட்காட்டியில் உங்கள் பெயருக்கு நேரே சரி அடையாளம் விழுகிறது. சீட்டின் வேலை அதோடு முடிந்தது, ஆனால் அதைக் கொண்டுவந்த உறை மட்டும் என் இன்பொக்ஸில் கிடக்கிறது. நேரத்தை அரை மணித்தியாலம் தள்ளிவைத்து அழைப்பைத் திரும்ப அனுப்பினேனோ, எல்லாரிடமும் புதிதாகக் கேட்கும், இன்னொரு 36.

பொத்தானை அழுத்தும்போது பதிலை அனுப்பவா, ஏதாவது எழுதி அனுப்பவா, அனுப்பாமல் விடவா என்று வேறு கேட்கும். அனுப்பாமல் விட்டால் அவர் நாட்காட்டியில் கூட்டம் ஏறிவிடும், என் பக்கத்தில் அவர் பதில் சொல்லாதவர். நான் போன் எடுத்து 'அண்ணை, நீங்கள் இன்னும் பதில் போடேல்லை' என்றால் அவருக்குக் கோபம் வரும், நியாயமான கோபம்தான்.

ஒட்டுசுட்டானில் எங்களுடைய கள உத்தியோகத்தர் ஒருவர் இருந்தார், ஓய்வுபெறும் வயதை அண்டியவர், எல்லாரும் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். முதல் முறை அழைப்பு அனுப்பியபோது பத்து நிமிடத்தில் போன்.

'தங்கச்சி, நீங்கள் அனுப்பின மெயில் அழிஞ்சு போச்சு. ஓம் எண்டு அமத்தினனான், அப்பிடியே காணாமப் போட்டுது. திருப்பி ஒருக்கா அனுப்புங்கோ.'

அது அவுட்லுக்கின் இயல்பு, பதில் சொன்னவுடன் அழைப்பை இன்பொக்ஸில் இருந்து எடுத்து அழித்தவற்றுக்குள் போட்டுவிட்டு நாட்காட்டியில் பதிந்துவைக்கும். எனக்கு அப்போது அது தெரியாது. திருப்பி அனுப்பினேன். அவர் திருப்பி அமத்தினார். அதுவும் காணாமல் போனது. மூன்றாம் முறை அனுப்பியபோது அவர் எதையும் அமத்தாமல், அழைப்பை அச்சடித்துக் கோவையில் போட்டுவிட்டு, பழைய முறைப்படி 'தங்கள் அழைப்புக் கிடைத்தது, சமுகமளிப்பேன்' என்று தனியாக ஒரு மெயில் எழுதினார். நாட்காட்டிக் கணக்கில் அவர் மூன்று கூட்டத்துக்கு ஓமும் இல்லையுமாக நின்றார். ஆனால் சொன்ன நேரத்துக்குக் கால் மணித்தியாலம் முந்தி வந்து கதவடியில் நின்ற ஒரே ஆளும் அவர்தான்.

இந்தக் குவியலைத் தாங்க முடியாமல் நான் செய்த கெட்டித்தனத்தைச் சொல்ல வேண்டும். ஒரு ஃபோல்டர் திறந்து, தலைப்பில் 'அக்செப்டட்', 'டிக்ளைன்ட்', 'டென்டேட்டிவ்' என்ற சொல் எது இருந்தாலும் அந்த மெயில் நேரே அதற்குள் போகட்டும் என்று விதி எழுதினேன். இன்பொக்ஸ் பளிச்சென்று இருந்தது. ஒரு மாதம் ராசாத்தி மாதிரி வேலை செய்தேன். முதல் அடி, கொடையாளர் ஒருவர் எங்கள் திட்ட முன்மொழிவை ஏற்றுக்கொண்டதாக எழுதிய கடிதம். தலைப்பில் 'அக்செப்டட்'. அதுவும் ஃபோல்டருக்குள் போய் நான்கு நாள் படுத்திருந்தது. அதைச் சிரித்துச் சமாளித்துவிட்டேன், விதியை மாற்றவில்லை. அதோடு இன்னொன்றும் கவனித்தேன், அந்த ஃபோல்டருக்குள் போன சில பதில்களை நான் திறந்து பார்க்கும்வரை பெயருக்கு நேரே சரி அடையாளம் விழவில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

இரண்டாவது அடி வைகாசியில். காலாண்டுக் கூட்டத்துக்கு நாள் குறிக்கும்போது பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தைக் கவனமாகத் தவிர்த்தேன், பள்ளிக்கூட விடுமுறை பார்த்தேன், கொழும்புக்காரர்களின் வசதியும் பார்த்தேன். ஒரு திங்கட்கிழமை எல்லாவற்றுக்கும் தோதாக இருந்தது. அழைப்புப் போனது, பதில்கள் ஃபோல்டருக்குள் போயின, நான் வெள்ளிக்கிழமை எண்ணிக்கையை மட்டும் பார்த்து 34 பார்சல் சொன்னேன். கோழி.

அந்தத் திங்கள் வற்றாப்பளைப் பொங்கல்.

வன்னியில் பிறந்தவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நந்திக்கடல் ஓரத்தில் கண்ணகை அம்மன், கடல் தண்ணீரில் எரியும் விளக்கு, வைகாசித் திங்களில் முல்லைத்தீவுப் பக்கம் முழுவதும் அந்தக் கோயிலடியில்தான் நிற்கும். அம்மாவோடு சின்னனில் போய் நெரிசலில் செருப்புத் தொலைத்தவள் நான். ஆனால் நாள் குறித்தது அம்மாவின் மகள் இல்லை, திரையில் இருந்த கட்டங்கள். அந்தக் கட்டத்தில் பொங்கல் போட்டிருக்கவில்லை.

அன்றைக்கு வந்தது பதினொரு பேர். அதில் நான்கு பேர் கொழும்பு. மிச்சப் பேரில் பாதி விரதம். கோழிப் பார்சல்கள் ஒரு மூலையில் மணத்துக்கொண்டிருக்க, வந்தவர்கள் மூக்கைப் பொத்தாத குறையாக இருந்தார்கள். பின்னேரம் அவற்றைப் பக்கத்துக் காணியில் கட்டட வேலை செய்த பெடியளுக்குக் கொடுத்தோம், அவர்களுக்கு அன்று நல்ல நாள்.

இரவு அந்த ஃபோல்டரைத் திறந்தேன். பதினேழு நாளைக்கு முன்பே, அழைப்புப் போன அன்றே, ஐயாவின் பதில். பொத்தானை அமத்தி, கூடவே எழுதவும் பழகியிருந்தார். 'தங்கச்சி, அண்டைக்குப் பொங்கல். சனம் வராது. அடுத்த கிழமை வையுங்கோ.' அதன் கீழே இன்னும் இரண்டு பேர் கிட்டத்தட்ட அதையே எழுதியிருந்தார்கள். நான் நாற்பது வெற்றுச் சீட்டோடு சேர்த்து மூன்று கடிதத்தையும் கிடங்கில் போட்டு மூடியிருக்கிறேன். பெரியவர் ஒருவர் 'டிக்ளைன்' அழுத்தினாரே என்றாவது நான் துள்ளி எழுந்திருக்க வேண்டும், அது இங்கே லேசில் நடக்கிற காரியமா?

அடுத்த நாளே விதியை அழித்தேன். டெஸ்க்டொப் அவுட்லுக்கில் இதற்கென்றே ஒரு வசதி, எனக்குத் தெரியாமல் முதலில் இருந்தே இருந்தது. ஒப்ஷன்ஸுக்குள் மெயில், அங்கே கீழே போனால் ட்ராக்கிங் என்று ஒரு பகுதி. கணக்கில் பதிந்த பிறகு, எதுவும் எழுதப்படாத பதில்களை அழித்துவிடு என்று ஒரு பெட்டி, அதில் ஒரு சரி அடையாளம். வெறும் ஓம் எல்லாம் எண்ணிக்கையில் ஏறிவிட்டுத் தானாகப் போய்விடும், யாராவது ஒரு வரி எழுதியிருந்தால் அது மட்டும் இன்பொக்ஸில் நிற்கும். எழுதியவரை நிறுத்தி, எழுதாதவரை அனுப்பிவிடுகிற அந்த ஒரு பெட்டிக்காக அதைச் செய்தவருக்குக் கோழிப் பார்சல் ஒன்று என் செலவில். எல்லா ஊழியர்களுக்கும் போகும் அறிவித்தல் மாதிரியான அழைப்பென்றால் பதில் கேட்கும் வசதியையே அணைத்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். ஜிமெயில் பாவிக்கும் எங்கள் கூட்டாளி அமைப்பின் பிள்ளைக்கு கூகுள் நாட்காட்டியின் செற்றிங்கில் பதில் அறிவித்தலை நிறுத்திக் கொடுத்தேன்.

நேரத்தைப் பற்றியும் ஒன்று. 1996 இல் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியபோது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி தள்ளவில்லை. 2006 ஏப்ரலில் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை பத்து வருடத்துக்குக் கிட்ட, எல்லையாக இருந்த ஓமந்தைக்கு அந்தப் பக்கம் பத்து மணி என்றால் இந்தப் பக்கம் ஒன்பதரை. 'கொழும்பு நேரமோ, எங்கட நேரமோ' என்று கேட்காமல் யாரும் எதையும் குறிக்கமாட்டார்கள். நான் சேர்ந்த புதிதில் யாரோ கொடுத்த பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்று அலுவலகத்தில் இருந்தது. அதற்குள் 'ஸ்ரீ ஜயவர்தனபுர' என்ற பெயரில் இருந்த இலங்கை நேரம், கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருப்பதற்குப் பதில் இன்னும் ஆறு மணித்தியாலமாகவே இருந்தது, திருத்தம் ஏற்றப்படவில்லை. கொழும்பில் இருந்து பத்து மணிக்கு வந்த அழைப்பு அதில் பத்தரை என்று காட்டியது. எங்கள் ஆட்கள் இரண்டு பேர் பத்தரைக்கு வந்து, கூட்டம் பாதியில் நிற்பதைப் பார்த்து, எங்களுக்குப் பத்தரை என்றுதானே வந்தது என்று நின்றார்கள். அந்தப் பக்கத்துக்காரர் எங்களைச் சோம்பேறிகள் என்று நினைத்திருப்பார். உண்மையில் வன்னி ஒருநாளும் ஏற்காத நேரத்தை, நாடே கைவிட்ட பிறகு, எங்கள் கணினி தனியாகக் கடைப்பிடித்துக்கொண்டிருந்தது.

ஐயா இப்போது ஓய்வு. அவர் இடத்துக்கு வந்த தம்பி கைத்தொலைபேசியில் பஸ்ஸில் நின்றுகொண்டே பொத்தானை அழுத்துகிறார், ஒரு சொல்லும் எழுதமாட்டார். வருகிற புதன்கிழமைக் கூட்டத்துக்கு இன்று பின்னேரம் நாலு மணிவரை ஓம் 29, இல்லை 2, பாப்பம் 6, பதில் இல்லாதவர் 5. இன்பொக்ஸில் ஒரேயொரு மெயில் மட்டும் நிற்கிறது: 'அக்கா, நான் மரக்கறி.' கடைக்குப் போன் எடுத்து 27 சொன்னேன், அதில் ஐந்து மரக்கறி.