இஷ்தாரின் மறைவும் எழுச்சியும்: என் வெள்ளிக்கோள் பதிவேடு

பாபிலோனியர்கள் வெள்ளியை இஷ்தார் தேவிக்கும், வியாழனை மர்துக்குக்கும், புதனை நபுவுக்கும், செவ்வாயை நெர்கலுக்கும், சனியை நினுர்தாவுக்கும் எனத் தங்கள் தெய்வங்களுக்கு உரிய கோள்களாகக் கொண்டிருந்தனர். அவர்கள் பார்த்த வானத்தை அவர்கள் குறித்த முறையிலேயே குறித்துப் பார்த்தால் இந்த உறவுகள் இன்னும் நன்றாக விளங்கும் என்று தோன்றியதால், 2025 மார்ச்சு முதல் வெள்ளிக்கு மட்டும் ஒரு பதிவேடு வைத்து வருகிறேன்.

பாபிலோனிய மன்னன் அம்மிசதுகா காலத்தில் வெள்ளிக்கோளின் மறைவையும் தோற்றத்தையும் குறித்த களிமண் ஏடுதான் எனக்கு முன்மாதிரி. நினிவே நகரில் அசீரிய மன்னன் அசூர்பனிபாலின் நூலகத்திலிருந்த அதன் பிரதி இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பதினோராம் மாதம் 15ஆம் நாள் வெள்ளி மேற்கில் மறைந்து, மூன்று நாள் காணாமலிருந்து, 18ஆம் நாள் கிழக்கில் தோன்றியது என்று அதன் முதற்பதிவு கூறி, மழையும் வெள்ளமும் வரும் என்று பலனும் உரைக்கிறது. பலனை விடுத்து மற்றவற்றை அப்படியே பின்பற்றுகிறேன்: அந்தியில் பிறை கண்ணுக்குத் தெரியும் நாளில் மாதத்தைத் தொடங்கி, திசை, கடைசியாகக் கண்ட நாள், மீண்டும் கண்ட நாள், அடிவானத்தின் தெளிவு ஆகியவற்றை எழுதுகிறேன். அடிவானப் புழுதியும் மேகமும் ஒரு நாளை எளிதில் நகர்த்திவிடும் என்பதால் கடைசிக் குறிப்பு மிகவும் தேவையானது.

2025 மார்ச்சில் வெள்ளி மேற்கில் மறைந்த சில நாட்களிலேயே விடிவெள்ளியாகக் கிழக்கில் எழுந்தது. ஆனால் டிசம்பரில் கிழக்கில் மறைந்தபோது, சூரியனுக்குப் பின்புறமாகக் கடந்து மேற்கில் தென்படப் பிப்ரவரி ஆகிவிட்டது. ஏட்டிலும் இத்தகைய மறைவுகள் சில ஏறத்தாழ இரண்டு மாதங்கள் நீடித்ததாக உள்ளது. நம் பஞ்சாங்கங்கள் சுக்கிர அஸ்தமனம் என்று குறிப்பவையும் இவையே. இனன்னா (இஷ்தாரின் சுமேரியப் பெயர்) ஏழு வாயில்களைக் கடந்து பாதாளத்தில் இறங்கி, மூன்று பகலும் மூன்று இரவும் கழிந்தபின் மீட்கப்பட்ட சுமேரியக் கதைக்கு, அந்தக் குறுகிய மறைவே வித்தாக இருந்திருக்கும் என்று நான் கருதுகிறேன். சுமேரிய நகரான உருக்கின் மிகப் பழைய களிமண் ஏடுகளில் காலை இனன்னாவும் மாலை இனன்னாவும் தனித்தனியே குறிக்கப்படுவதையும் இதனுடன் சேர்த்தே எண்ணுகிறேன்.

என்னை மிகவும் ஈர்ப்பது எட்டாண்டுச் சுழற்சி. வெள்ளி நமக்கும் சூரியனுக்கும் இடையே ஒருமுறை கடந்தது முதல் மறுமுறை கடப்பது வரையிலான ஒரு சுற்று ஏறத்தாழ 584 நாட்கள். ஐந்து சுற்றுகள் சேர்ந்தால் 2920 நாட்கள், அதாவது எட்டு ஆண்டுகளுக்கு இரண்டு நாள் குறைவு. வெள்ளி நமக்கும் சூரியனுக்கும் இடையே கடந்த நாள் 2017இல் மார்ச்சு 25, 2025இல் மார்ச்சு 23. பிறைக்கணக்கிலோ 99 மாதங்கள் நிறைவதற்கு நான்கு நாட்கள் முன்பே ஐந்து சுற்றுகளும் முடிந்துவிடுகின்றன. பாபிலோனியர்கள் இதையும் அறிந்து பயன்படுத்தினர்.

செவ்வாயின் செம்மை போருக்கும் கொள்ளைநோய்க்கும் உரிய நெர்கலுக்குப் பொருந்துவதை ஒரே பார்வையில் உணரலாம். வானை ஒருமுறை சுற்றிவர வியாழனுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளும் சனிக்கு ஏறத்தாழ 29 ஆண்டுகளும் தேவை என்பதால் அவற்றை இப்போது தொடவில்லை.

அடுத்து 2026 அக்டோபர் 24இல் வெள்ளி மீண்டும் சூரியனுக்கு முன்னால் கடக்கிறது. 2018இல் அது அக்டோபர் 26. அதற்குள் மேற்கு அடிவானம் கட்டடங்களின்றித் திறந்திருக்கும் ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு, கடைசியாகத் தெரியும் மாலையைத் துல்லியமாகக் குறிக்கவிருக்கிறேன்.