வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கொரியக் கஷாயம் வாங்கப் போனால்

பணம் போனதுகூடப் பரவாயில்லை. மருந்தில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு ஏதோ திருட வந்தவளைப் பார்ப்பது போல் பார்த்தார்களே, அந்த எரிச்சல்தான் இன்னும் அடங்கவில்லை.

எனக்குச் சின்ன வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது. கூடவே தாறுமாறான துடிப்பு, அதனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். தென்கொரியாவில் சியோலுக்குப் பக்கத்தில் இருக்கும் சுவோனுக்கு வேலைக்கு வந்த பிறகு ராத்தூக்கம் போச்சு. படபடப்பு, இடுப்பு வலி, விடிவதற்குள் பலமுறை பாத்ரூம். பெரிய மருத்துவமனையில் எக்கோ, கிரியாட்டினின் எல்லாம் பார்த்து, புதிதாக ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆபீஸ் தோழி விடவில்லை. கொரிய வைத்தியம் பார்க்கும் ஹானிவொன் ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

இங்கே கொரிய வைத்தியர்கள் ஆறு வருடம் படித்துத் தனி லைசென்ஸ் வாங்கியவர்கள். நம் சித்த வைத்தியர் போலவே மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். ஆனால் வாதம், பித்தம், கபம் கிடையாது. இடது மணிக்கட்டில் விரலுக்கு ஓர் உறுப்பு: இதயம், கல்லீரல், சிறுநீரகம். இதயத்தின் நெருப்பு மேலேறுகிறது, அதைத் தணிக்கச் சிறுநீரகத்தின் நீர் மேலே வரவில்லை என்றார். சிம்சின்புல்க்யோ என்று பெயர். உடனே பயந்துவிடாதீர்கள், கிரியாட்டினின் ஏறுகிற கிட்னி ஃபெயிலியர் வேறு, இது வேறு.

படிவத்தில் 'தற்போது சாப்பிடும் மருந்துகள்' கட்டத்தில் வார்ஃபரின் என்று கொரிய எழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். யாரும் படிக்கவில்லை. ஒரு மாதக் கஷாயத்துக்கு முழுப் பணத்தையும் கார்டில் தேய்த்தார்கள். இன்சூரன்ஸ் இல்லை. அரசுக் காப்பீட்டில் 56 வகைப் பொடி மருந்துகள் உண்டு. வேகவைத்த கஷாயத்துக்கு 2020 நவம்பரில் சோதனைத் திட்டம் தொடங்கினார்கள், ஆனால் முகவாதம், மாதவிடாய் வலி என்று சில நோய்களுக்கு மட்டும்தான்.

முதல் பாதி கூரியரில் வந்தது. அடுக்கடுக்காக ஃபாயில் பைகள், ஒவ்வொன்றிலும் என் பெயர், 'காலை மாலை வெதுவெதுப்பாக'. உள்ளே என்ன என்பதற்கு ஒரு எழுத்து கிடையாது. ஐஎன்ஆர் பார்க்கும் இடத்தில் மருந்தாளுநர் கறாராகச் சொல்லிவிட்டார், பட்டியல் இல்லாமல் ஒரு வாய் குடிக்கக்கூடாது.

போன் செய்தால், "டாக்டரோட சொந்தத் தயாரிப்பு, வெளியே தர மாட்டோம்." அரை நாள் லீவு போட்டு நேரில் போனால் டாக்டருக்கு மதியம் விடுமுறையாம், போனில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. மறுபடி போனபோது வேறு மாதிரிக் கேட்டேன்: "சரி, தர வேண்டாம். வார்ஃபரினோடு இதைக் குடிக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்." உள்ளே போனவர் சட்டென்று பட்டியலோடு வந்தார்! ஹானிவொனில் மல்லுக்கட்டுகிறவர்கள் இந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

சொந்தத் தயாரிப்பு என்றார்களே, பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் சொன்வாங்போசிம்தான் என்ற பழைய, ஊரறிந்த மருந்து. மருந்தாளுநர் இரண்டு பெயர்களைச் சிவப்பில் வட்டமிட்டார்: தான்சாம், தாங்குய். இரண்டுமே வார்ஃபரினின் வேலையைக் கூட்டி ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடக்கூடியவை.

காய்ச்சிய பைகளுக்குப் பணம் திரும்பாது என்றார்கள். இன்னும் காய்ச்சாத இரண்டாம் பாதிக்குச் சண்டை போட்டு வாங்கிவிட்டேன்.

இதய நோயாளிகள் பட்டியலில் இன்னும் மூன்றைத் தேடுங்கள். மாஹ்வாங் படபடப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். புஜா நம் வசநாபி வகை, துடிப்பையே குழப்பும். காம்சோ என்பது அதிமதுரம். கேட்க சாதுவாக இருக்கும், ஆனால் நீர் பிரியும் மாத்திரையோடு சேர்ந்தால் பொட்டாசியம் இறங்கிவிடும்.

கடைசியில் சியோலில் கியுங்ஹீ பல்கலைக்கழக வளாகத்துக்குப் போனேன். அலோபதி, கொரியம் இரண்டு மருத்துவமனையும் அங்கே பக்கத்துப் பக்கத்தில். சுவோனிலிருந்து ஒன்றாம் லைனில் ஏறினால் ஹோயெகியில் இறங்கலாம். முதல் கேள்வியே "கடைசி ஐஎன்ஆர் எவ்வளவு?" கஷாயம் வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். மணிக்கட்டில் சின்மூன் புள்ளியில் மெல்லிய ஊசி, எடுத்ததும் பஞ்சை வழக்கத்தைவிட அதிக நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். காப்பீடும் உண்டு. தூக்கம் கொஞ்சம் தேவலை. தோலைக் குத்திக் கிண்ணம் வைத்து ரத்தம் எடுக்கும் கப்பிங் செய்யலாமா என்று எங்கே கேட்டாலும், வார்ஃபரின்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.