கீழே நின்று கேட்கிற வேலை

பாறை விரிசலில் கையை நுழைத்து ஏறுகிறவரைக் கீழிருந்து பார்த்தால் தெரிவது மணிக்கட்டு வரைதான். அதற்குப் பிறகு கை பாறைக்குள். கட்டைவிரலை மடித்தாரா, கை நிஜமாகவே இறுகியிருக்கிறதா, சும்மா ஒப்புக்கு நுழைத்திருக்கிறாரா, ஒன்றும் கண்ணில் படாது. பாறையேற்றம் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. வெளியே துருத்திக்கொண்டிருக்கும் பிடிகளில் ஏறுகிறவர்களுக்கு, இடது காலை அந்த வெள்ளைத் திட்டில் வை என்று கைகாட்டிவிடலாம். விரிசலில் அது நடக்காது. அங்கே நான் கண்ணைவிடக் காதைத்தான் நம்புகிறேன்.

பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில் இருக்கிறது ராமநகரம். ஊரைச் சுற்றிக் கிரானைட் குன்றுகள். ஊரின் பழைய பெயர் குளோஸ்பேட். நிலவியல்காரர்கள் அந்தப் பெயரையே பாறைக்கும் வைத்துவிட்டதால், ஊர் பெயர் மாறிய பிறகும் பாறை இன்னும் குளோஸ்பேட் கிரானைட்தான். வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. பூமிக்கடியில் இறுகிய பாறை இது. மேலே அழுத்திக்கொண்டிருந்த சுமை காலப்போக்கில் அரித்துப்போக, பாரம் குறைந்து விரிந்து பிளந்தது. அப்படிப் பிளந்த ஒரு கோட்டில்தான் எங்களுக்கு அன்றைய காலை வேலை. எந்தக் குன்று என்று சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் ஆள் வராத பாறை கிடைப்பது கஷ்டமாகிவிட்டது.

அங்கே கூட்டம் வராததற்கு மலைத்தேனீயும் ஒரு காரணம். குன்றின் மறுபக்கத்து விளிம்பில் பெரிய பெரிய அடைகள் தொங்குகின்றன. வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: செண்ட் கூடாது, புகை கூடாது, கூச்சல் கூடாது. வழக்கமாகக் கத்திச் சொல்லும் கட்டளைகளைக் கயிற்றை இழுத்துச் சொல்லிக்கொள்வோம். இந்த அமைதி தேனீக்காக வந்தது என்றாலும், என் வேலைக்கு அதுதான் பெரிய உதவி. விடியும்போதே ஆரம்பிப்பதற்குக் காரணம் வேறு. பாறை குளிர்ந்திருக்கும்வரை தோலும் ஷூவின் ரப்பரும் நன்றாகப் பற்றும். வெயில் ஏறிவிட்டால் உள்ளங்கை வியர்த்து வழுக்கும்.

அன்று வந்தவர்கள் இரண்டு பேர், இருவரும் பெங்களூரில் இருக்கும் தமிழர்கள். ஒருவர் மென்பொருள் நிறுவனத்து இளைஞர். உள்ளரங்கச் சுவரில் ஏறிப் பழகியவர், முன்கை இரண்டும் கடப்பாரை மாதிரி. இன்னொருவர் ஓர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் பெண்மணி. ஐம்பதை ஒட்டிய வயது, சிறிய கைகள். இருவருக்கும் புறங்கையில் மருந்துக்கடைப் பிளாஸ்திரியைச் சுற்றிவிட்டேன். இதற்கென்றே கையுறை விற்கிறது. ஆனால் பிளாஸ்திரி போதும். தோல் உரியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கயிறு போட முதலில் நான் ஏறினேன். ஏறும்போது சந்தேகமான பலகைப் பாறைகளை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பேன். உள்ளே பிடிப்பு இருந்தால் ஓசை கெட்டியாக வரும். பின்னால் வெற்றிடம் இருந்தால் டொப்பென்று கேட்கும். நம் சிற்பிகளும் கல்லைத் தட்டி ஓசையைக் கேட்டுத்தான் ஆண் கல், பெண் கல் என்று பிரிக்கிறார்கள். அவர்களுக்கு அது சிலைக்கு, எனக்கு உயிருக்கு. டொப்பென்று கேட்கும் பலகைக்குப் பின்னால் கேம் வைக்கமாட்டேன், எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் சரி. கேம் என்பது விரிசலுக்குள் சுருக்கி நுழைத்துவிட்டால் ஸ்பிரிங்கால் விரிந்து பக்கங்களைக் கவ்வும் கருவி. கீழ்நோக்கி இழுக்க இழுக்க இன்னும் இறுகும். ரே ஜார்டின் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த இது 1978-இல் விற்பனைக்கு வந்தது. பலகை உடைந்து பின்வாங்கினால் எப்பேர்ப்பட்ட கேமும் சும்மாதான்.

கேம்களுக்கு அளவுக்கொரு நிறம் உண்டு. அதனால் நாங்கள் விரிசலின் அகலத்தையே நிறத்தால் சொல்லிக்கொள்வோம். அன்றைய விரிசல் கீழே மஞ்சள், பாதிக்கு மேல் குறுகிச் சிவப்பு. நடுத்தரக் கைக்கு மஞ்சள்தான் சொகுசு.

இளைஞர் ஏற ஆரம்பித்ததும் சரக் சரக் என்று சத்தம். கையை நுழைக்கிறார், எடுக்கிறார், மறுபடி நுழைக்கிறார். ஷூவுக்கு அடியிலிருந்து மணல் உதிர்கிறது. மூச்சு மட்டும் கேட்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு ஏறுகிறவர் முழு பலத்தையும் கையில் செலவழிக்கிறார் என்று அர்த்தம்.

"அண்ணா, உள்ள பிடிக்க எதுவுமே இல்ல."

"பிடிக்காத தம்பி. கைய உள்ள விட்டுத் தடிமனாக்கு."

கட்டைவிரலைச் சுண்டுவிரலின் அடிப்பக்கமாக மடித்தால் உள்ளங்கை உப்பும். புறங்கை ஒரு சுவரையும், விரல்நுனியும் உள்ளங்கையின் அடிமேடும் எதிர்ச்சுவரையும் தள்ளும். அவ்வளவுதான், தொங்கலாம். காலும் அப்படியே: பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி நுழைத்து, வெளியே போன முழங்காலை உள்ளே கொண்டுவந்தால் பாதம் பூட்டிக்கொள்ளும். சொல்லும்போது சுலபம். சுவரில் பழகியவர்களுக்கு ஐந்து விரலும் தானாக மூடிக்கொள்ளும். பலசாலிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் கஷ்டம் என்பது என் அபிப்பிராயம். தப்பாகச் செய்தும் கொஞ்ச தூரம் போய்விடுகிறார்கள். அவர் மஞ்சளைப் பலத்தால் தாண்டினார். சிவப்பில் பாதிக் கைதான் நுழைந்தது. கயிற்றில் தொங்கிவிட்டு இறங்கினார்.

அம்மையார் நேர்மாறு. மஞ்சளில் அவர் கை லொடலொடவென்று இருந்தது. கையைக் கிண்ணம் போலக் குவித்து, காலை நம்பி, இரண்டு இடத்தில் கயிற்றில் உட்கார்ந்து ஓய்வெடுத்து மெதுவாகப் போனார். பாதியில் "ஸ்ஸ்" என்றார்.

"மேடம், வலி எங்க? தோல்லயா, மூட்டுலயா?"

"புறங்கையிலங்க."

"அப்ப பரவால்ல, போங்க."

எங்கே வலிக்கிறது என்று கேட்காமல் நான் யாரையும் மேலே போகச் சொல்வதில்லை. புறங்கையில் கல் அழுந்தும் வலி, கை சரியாக உட்கார்ந்ததன் அடையாளம். ஒற்றை விரல் மூட்டு முறுக்கிக்கொண்டு சுருக்கென்றால் உடனே இறங்க வேண்டும். இரண்டுக்கும் வருவது ஏறக்குறைய அதே "ஸ்ஸ்"தான். ஆனால் மூட்டு வலியில் அதற்கு முன் மூச்சு ஒரு கணம் அறுந்துபோகும். இதைக் கேட்டுப் பழக எனக்கு நெடுங்காலம் ஆயிற்று.

அம்மையார் சிவப்பில் நுழைந்ததும் மேலேயிருந்து சத்தமே இல்லை. மணல் உதிரவில்லை, உரசல் இல்லை. சீரான மூச்சும் என் கையில் கயிறு நகர்வதும் மட்டும்தான். விரிசலில் எல்லாம் சரியாக நடக்கும்போது கேட்க எதுவும் இருக்காது. அவர் உச்சியில் கயிற்றை இழுத்துச் சைகை காட்டினார்.

இளைஞருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். இறங்கியவரின் கையைத் தன் கையோடு வைத்து அளந்து பார்த்தார். "இது நியாயமில்லண்ணா" என்றார். நியாயம்தான், அவருக்கு மஞ்சளில் கிடைத்த சலுகை அம்மையாருக்குக் கிடைக்கவில்லையே.

பத்து மணிக்குள் மூட்டை கட்டிவிட்டோம். திரும்பும் வழியில் தட்டே இட்லி சாப்பிடும்போது இதை வீட்டில் பழக முடியுமா என்று இளைஞர் கேட்டார். இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் டாம் ராண்டால் என்ற பாறையேறி தன் வீட்டு நிலவறையில் மரத்தால் விரிசல் செய்து, பீட் விட்டேக்கரோடு அதிலேயே பயிற்சி எடுத்து, 2011-இல் அமெரிக்காவின் யூட்டாவில் செஞ்சுரி கிராக் என்ற விரிசலை ஏறிய கதையைச் சொன்னேன். இரண்டு பிளைவுட் பலகையும் நான்கு போல்ட்டும் போதும், கூரையில் மாட்டி இடைவெளியை வேண்டிய அளவுக்கு வைத்துக்கொள்ளலாம். எனக்கும் அதில் ஒரு வசதி: பக்கவாட்டில் எட்டிப் பார்த்தால் உள்ளே கை என்ன செய்கிறது என்று தெரியும்.

சிவப்பு அளவுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று கைபேசியில் குறித்துக்கொண்டார். வாடகை வீடாம். கூரையில் துளை போட ஓனரிடம் என்ன காரணம் சொல்வது என்பதுதான் இப்போது பிரச்சினை. ஊஞ்சல் என்று சொல்லிப்பாருங்கள் என்றார் அம்மையார்.